மூலநிரல் கேட்டு மின்னஞ்சல் வந்தால்: லினக்ஸ் பெட்டிகளில் ஜிபிஎல் கோளாறுகளை அறிகுறி வைத்துச் சரிசெய்வது

ரூட்டர், சிசிடிவி கேமரா, செட்டாப் பாக்ஸ், கைரேகை வருகைப்பதிவுக் கருவி, சோலார் இன்வெர்ட்டரோடு வரும் கண்காணிப்புப் பெட்டி என்று எதை எடுத்தாலும் உள்ளே லினக்ஸ் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பிஸிபாக்ஸும் (அடிப்படைக் கட்டளைகள் பலவற்றை ஒரே நிரலில் அடக்கியது) இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஜிபிஎல் பதிப்பு 2 உரிமத்தில் வருபவை: நிரலைக் கைமாற்றுகிறவர் அதன் மூலநிரலையும் தர வேண்டும் என்று சொல்லும் உரிமம் அது. பெட்டியை விற்கிறவர் அதனுள் இருக்கும் மென்பொருளையும் சேர்த்தே கைமாற்றுகிறார். எனவே மூலநிரலைக் கொடுக்கும் கடமையும் அவர் தலையில்தான் விழுகிறது. அந்தக் கடமை எங்கெங்கே தடுமாறுகிறது, தடுமாறினால் எங்கே கைவைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வக்கீலின் வேலை என்று பலர் ஒதுக்கி வைக்கிறார்கள். பெரும்பகுதி இது பில்ட் எடுப்பவரின், அதாவது மூலநிரலை ஓடும் நிரலாகக் கட்டுபவரின், வேலை. உங்கள் அணியில் இல்லாத ஒருவர், நீங்கள் கொடுத்த மூலநிரலை மட்டும் வைத்துக்கொண்டு, வெறும் கணினி ஒன்றில் ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை) கட்டி எடுக்க முடிகிறதா? அந்தச் சோதனையை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் செய்தால் கீழே வரும் அறிகுறிகளில் பலவற்றை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

அறிகுறி: "உங்கள் கருவியின் ஜிபிஎல் மூலநிரல் வேண்டும்" என்று ஒரு மின்னஞ்சல். யார் பதில் போடுவதென்று தெரியவில்லை

வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கு இந்த வரி புரியாது. அவர் விற்பனைப் பிரிவுக்கு அனுப்புவார், அங்கே அது தூங்கும். நீதிமன்றம் வரை போன பல விவகாரங்களின் தொடக்கம் இப்படிப் பதில் கிடைக்காத கடிதங்கள்தான். ஆகவே இன்றே செய்ய வேண்டியது: கிடைத்தது என்று ஒப்புக்கொண்டு, எந்தத் தேதிக்குள் அனுப்புவோம் என்று எழுதிப் பதில் போடுங்கள்.

அடுத்து, பெட்டியோடு என்ன கொடுத்தீர்கள் என்று பாருங்கள். ஜிபிஎல் 2-இன் மூன்றாம் பிரிவு வணிகமாக விற்பவருக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, பைனரியோடு (தொகுத்து முடித்த, ஓடும் நிரலோடு) கூடவே முழு மூலநிரலையும் கொடுப்பது. இரண்டு, கேட்டால் மூலநிரல் தருவோம் என்று, குறைந்தது 3 ஆண்டுகள் செல்லுபடியாகும் எழுத்துவடிவ வாக்குறுதி ஒன்றைப் பெட்டிக்குள் வைப்பது. இந்த இரண்டாவது வழியில் போனவர்கள் இங்கே அடிக்கடி வழுக்குகிறார்கள்: கேட்டவரிடம் பில் எங்கே, சீரியல் எண் என்ன என்று விசாரிக்கிறார்கள். பதிப்பு 2-இல் அந்த வாக்குறுதி எந்த மூன்றாம் நபருக்கும் பொருந்தும் என்றே எழுதியிருக்கிறது. வாங்கியவர்தானா என்று கேட்க இடமில்லை. பதிப்பு 3-இல் பைனரியைக் கையில் வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். கட்டணம் வாங்கலாம், ஆனால் படியெடுத்து அனுப்ப ஆகும் செலவுக்கு மேல் கூடாது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் தருவோம் என்பதும் செல்லாது. உரிமம் தராத கூடுதல் தடைகளைப் பெறுபவர்மேல் போடக்கூடாது என்று ஆறாம் பிரிவு நேராகவே சொல்கிறது.

பெட்டிக்குள் வாக்குறுதியே இல்லையா? அப்படியானால் இரண்டு வழிகளில் எதையும் நீங்கள் பின்பற்றவில்லை. கேட்டவருக்கு மூலநிரலை அனுப்பிவிட்டு, அடுத்த தயாரிப்புத் தொகுதியிலிருந்து அச்சிட்ட தாளைச் சேருங்கள். உரிம உரையும் காப்புரிமை (காப்பிரைட்) அறிவிப்புகளும் கருவியின் வெப் இடைமுகத்தில் ஒரு பக்கமாக இருக்கட்டும். அதை அடுத்த ஃபர்ம்வேர் புதுப்பிப்பிலேயே சேர்த்துவிடலாம்.

"இணையதளத்தில் லிங்க் போட்டிருக்கிறோமே" என்பார்கள். ஃபர்ம்வேரைத் தரவிறக்கத்தில் கொடுக்கும்போது, அதே இடத்தில் மூலநிரலையும் வைத்தால் பதிப்பு 2 அதை ஏற்கிறது. கடையில் பெட்டியாக விற்கும்போது அந்த விதி தானாகப் பொருந்தாது. லிங்கை வைத்திருங்கள், நல்லதுதான். எழுத்துவடிவ வாக்குறுதியையும் சேர்த்து வையுங்கள்.

அறிகுறி: ஜிப் கோப்பை அனுப்பியாயிற்று. "இது கட்டவே மாட்டேன் என்கிறது" என்று திரும்பி வருகிறது

நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான், நின்று பார்க்க வேண்டியதும் இதுதான். முழு மூலநிரல் என்றால் என்ன என்பதை உரிமமே சொல்லிவிடுகிறது: எல்லா மாட்யூல்களின் நிரலும், இடைமுகக் கோப்புகளும், அவற்றோடு தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்ட்களும். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பெட்டியின் சீரியல் கன்சோலில் இணைந்து, "யூநேம் -ஆர்" அடியுங்கள். கெர்னல் பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஜிப்பைப் பிரித்து, கெர்னல் அடைவின் மேல்மட்ட மேக்ஃபைலின் முதல் சில வரிகளைப் பாருங்கள். பதிப்பு, பேட்ச்லெவல், சப்லெவல் என்று மூன்று எண்கள் இருக்கும். அவை பொருந்தவில்லையென்றால் வேறு ஏதோ ஒரு கிளையின் நிரலை அனுப்பியிருக்கிறீர்கள், மேற்கொண்டு எதுவும் பார்க்கத் தேவையில்லை. எண் பொருந்தினாலும் நிம்மதி அடையாதீர்கள். கெர்னல் தளத்திலிருந்து இறக்கிய மாற்றப்படாத தொகுப்பை அப்படியே அனுப்பியவர்கள் உண்டு. உங்கள் போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பு உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சிப் நிறுவனமும் நீங்களும் போட்ட பேட்ச்கள் அத்தனையும் விடுபட்டிருக்கின்றன.

பிறகு ".கான்ஃபிக்" கோப்பு, அதாவது எந்தெந்த வசதிகளோடு கட்ட வேண்டும் என்ற பட்டியல். அது இல்லாமல் கெர்னலைக் கட்டுவது குருட்டடி. கட்டும்போது, அந்தக் கோப்பைக் கெர்னலுக்குள்ளேயே பொதிந்துவைக்கும் ஐகேகான்ஃபிக் வசதி இயக்கப்பட்டிருந்தால், கெர்னலோடு வரும் "எக்ஸ்ட்ராக்ட்-ஐகேகான்ஃபிக்" ஸ்கிரிப்டை வைத்துக் கட்டிய இமேஜிலிருந்தே அதை மீட்கலாம். பிஸிபாக்ஸுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. கருவியில் வெறுமனே "பிஸிபாக்ஸ்" என்று அடித்தால் முதல் வரியில் பதிப்பும் கட்டிய தேதியும் வரும், அதன் கீழே அதற்குள் இருக்கும் கட்டளைகள் வரிசையாக வரும். நீங்கள் அனுப்பிய மூலநிரலிலிருந்து கட்டியதிலும் அதே கட்டளையை ஓட்டி, இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருவியில் "டிஎஃப்டிபி" இருந்து, கட்டியதில் இல்லையென்றால் கான்ஃபிக் கோப்பு வேறு. தேதி மாறுவது பரவாயில்லை. பிட்டுக்குப் பிட் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஜிபிஎல் கேட்கவில்லை. அதே வேலையைச் செய்யும் அதே நிரல் கிடைக்க வேண்டும்.

இவை தாண்டியும் கட்டவில்லையென்றால் கீழ்க்கண்டவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். பில்ட் ஸ்கிரிப்ட் உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் தெரியும் கிட் (நிரல் சேமிப்பு) சர்வரிலிருந்து எதையோ இழுக்கப் பார்க்கிறது. உங்கள் கணினியில் எல்லாம் ஓடும், வெளியே போனால் நிற்கும். அல்லது டூல்செயின் (கட்டப் பயன்படும் கம்பைலரும் துணைக்கருவிகளும்) எதுவென்று எங்கும் எழுதவில்லை: பழைய ஜிசிசி கம்பைலரில் கட்டிய கெர்னல் புதிய ஜிசிசியில் பிழையோடு நிற்பது அன்றாடம் நடக்கிறது. பொதுவாக எங்கும் கிடைக்கும் கம்பைலரை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. சிப் நிறுவனம் தனக்கென்று மாற்றிய டூல்செயின் என்றால் அதையும் சேர்த்துக் கொடுங்கள், குறைந்தது சரியான பதிப்பையாவது எழுதிவையுங்கள். அல்லது ஜிபிஎல் அடைவுக்குள்ளேயே முன்பே தொகுத்த ".ஓ" கோப்புகள் சில கிடக்கின்றன. "ஃபைண்ட்" கட்டளையால் அவற்றைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலம் எங்கே என்று பதில் இருக்க வேண்டும். கடைசியாக, கட்டி முடித்த இமேஜுக்கு முன்னால் ஒரு ஹெடர் ஒட்டி, செக்சம் போட்டு, பூட்லோடர் (பெட்டியைத் தொடங்கிவைக்கும் நிரல்) ஏற்கும் வடிவுக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்று இருக்கும். அது இல்லாமல் யாராலும் எதையும் நிறுவ முடியாது.

சரிபார்க்கும் முறை ஒன்றுதான். புதிதாக ஒரு விர்ச்சுவல் மெஷின். அலுவலக வலையமைப்போடு இணைப்பு இல்லை. இந்தத் திட்டத்தில் வேலை செய்யாத ஒருவர். கையில் அந்த ஜிப்பும் அதற்குள் இருக்கும் ரீட்மீயும் மட்டும். அவர் தடுக்கி விழும் ஒவ்வொரு இடத்தையும் ரீட்மீயில் திருத்துங்கள்.

அறிகுறி: சப்ளையர் மூலநிரலைத் தர மறுக்கிறார்

ஷென்சென்னிலிருந்து பெட்டியை இறக்கி, நம் ஊர் பெயரை ஒட்டி விற்கிறவர்களுக்கு இது வரும். "நாங்கள் எழுதவில்லை, அவர்களிடம் கேளுங்கள்" என்ற பதில் உரிமத்தின்முன் நிற்காது. மேலே இருப்பவர் கொடுத்த வாக்குறுதியை அப்படியே கடத்திவிடும் மூன்றாவது வழி ஒன்று பதிப்பு 2-இல் உண்டு, ஆனால் வணிக நோக்கமில்லாத விநியோகத்துக்கு மட்டும். இங்கே விற்பவர் நீங்கள், இங்கே காப்புரிமைச் சட்டமும் உங்களைத்தான் பார்க்கும். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2003-இல் சிஸ்கோ லின்க்சிஸை வாங்கியது. அப்போது விற்றுக்கொண்டிருந்த டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரில் லினக்ஸ் இருப்பதை வெளியிலிருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். சிப் பிராட்காமுடையது, ஃபர்ம்வேரை எழுதியது இன்னொரு வெளி நிறுவனம், பெட்டியின்மேல் பெயர் லின்க்சிஸ். கேள்வி லின்க்சிஸிடம்தான் வந்தது. கடைசியில் மூலநிரல் வெளியானது, அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரூட்டர் ஃபர்ம்வேர் முளைத்தது. இன்று உலகம் முழுவதும் கம்பெனி கைவிட்ட ரூட்டர்களை உயிரோடு வைத்திருப்பது அதுதான். காப்பிலெஃப்ட் (மாற்றிக் கைமாற்றுகிறவரும் மூலநிரலைத் தர வேண்டும் என்ற ஏற்பாடு) எதற்கு என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த ஒன்றைத்தான். ஆனால் சிஸ்கோவுக்கு விவகாரம் அத்தோடு முடியவில்லை. கடமை தொடர்ந்து சரியாக நிறைவேறவில்லை என்று, ஜிபிஎல்லை வெளியிடும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. 2009 மே மாதம் சமரசம் ஆனது. உரிமக் கடமைகளைக் கவனிக்கவென்றே ஒரு அதிகாரியை லின்க்சிஸில் நியமிக்க சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

தீர்வு கொள்முதல் ஆணையில் இருக்கிறது. மாதிரிப் பெட்டி வரும்போதே மூலநிரலும் வர வேண்டும், அதை நம் பொறியாளர் கட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணைப் பணம் போகும் என்று எழுதிவிடுங்கள். பணம் போன பிறகு சப்ளையரிடம் கெஞ்சுவதில் பயனில்லை.

ஏற்கெனவே விற்றாகிவிட்டது, சப்ளையர் அசையவில்லை என்றால்? ஃபர்ம்வேரை "பின்வாக்" கொண்டு பிரித்து உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பட்டியலிடுங்கள். மாற்றாமல் பயன்படுத்திய பகுதிகளுக்கு அதே பதிப்பின் மூலத் தொகுப்பு போதும், கட்டும் ஸ்கிரிப்டை நீங்கள் எழுதலாம். மாற்றப்பட்ட கெர்னலுக்கு வேறு குறுக்குவழி கிடையாது. மூலநிரல் வரும்வரை விற்பனையை நிறுத்துங்கள். கசப்பான அறிவுரைதான். ஆனாலும் உரிமம் இல்லாத சரக்கை விற்றுக்கொண்டே பேச்சுவார்த்தை நடத்துவதைவிட இது எல்லா வகையிலும் மேல்.

அறிகுறி: டிரைவரை ஏற்றும்போது "அன்னோன் சிம்பல்" என்று பிழை. "மாட்யூல்_லைசென்ஸ் வரியில் ஜிபிஎல் என்று மாற்றிவிடு" என்கிறார் ஒருவர்

மாற்றாதீர்கள். கெர்னலில் சில செயற்கூறுகள் ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டுமென்று குறிக்கப்பட்டிருக்கின்றன. மூலநிரல் தராத மூடிய டிரைவர் அவற்றைக் கூப்பிட்டால் இந்தப் பிழை வரும். அந்த வரியில் ஜிபிஎல் என்று எழுதுவது இந்த டிரைவரின் மூலநிரலைத் தருகிறோம் என்ற பகிரங்க அறிவிப்பு. எழுதிவிட்டுத் தராமல் இருப்பது பொய். 2004-இல் லினக்ஸண்ட் என்ற நிறுவனம் தன் மோடம் டிரைவரில் ஜிபிஎல் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பூஜ்ய பைட்டை வைத்து, மிச்ச வாசகத்தை அதற்குப் பிறகு எழுதியது. கெர்னல் பூஜ்யத்தோடு படிப்பதை நிறுத்திவிடும் என்பதால் அதை ஜிபிஎல் என்றே எடுத்துக்கொண்டது. கெர்னல் டெவலப்பர்கள் கண்டுபிடித்தார்கள், பெயர் கெட்டது.

செய்யக்கூடியவை இரண்டு. டிரைவரை உண்மையிலேயே ஜிபிஎல்லில் வெளியிடுவது. அல்லது ரகசியம் என்று நினைக்கும் பகுதியைக் கெர்னலுக்கு வெளியே, சிஸ்டம் கால் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) வழியாக மட்டும் பேசும் சாதாரண நிரலாக நகர்த்துவது. சிஸ்டம் கால் வழியாகக் கெர்னலைப் பயன்படுத்தும் நிரலுக்கு ஜிபிஎல் பரவாது என்று கெர்னலின் உரிமக் குறிப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலும் அந்த ரகசியம் ஒரு சில ரெஜிஸ்டர் எண்களுக்கு மேல் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அறிகுறி: "எல்ஜிபிஎல்தானே, பிரச்சினை இல்லை" என்று நினைத்த நூலகம் இடிக்கிறது

எல்ஜிபிஎல் என்பது நூலகங்களுக்கான (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் நிரல்தொகுப்புகளுக்கான), கொஞ்சம் தளர்வான ஜிபிஎல். முதலில் அது எல்ஜிபிஎல்தானா என்று பாருங்கள். வீடியோவையும் ஆடியோவையும் கையாளும் எஃப்எஃப்எம்பெக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது இயல்பாக எல்ஜிபிஎல். "எஃப்எஃப்எம்பெக் -வெர்ஷன்" என்று ஓட்டினால் கான்ஃபிகரேஷன் என்று ஒரு நீண்ட வரி வரும். அதில் "--எனேபிள்-ஜிபிஎல்" இருந்தால், பெரும்பாலும் எக்ஸ்264 வீடியோ என்கோடருக்காக யாரோ சேர்த்திருப்பார்கள், உங்கள் கையில் இருப்பது ஜிபிஎல் பைனரி. "--எனேபிள்-நான்ஃப்ரீ" இருந்தால் அந்த பைனரியை வெளியே கொடுக்கவே முடியாது. வேண்டாதவற்றை நீக்கி மறுபடி கட்டுங்கள்.

எல்ஜிபிஎல் உறுதியானால் அடுத்த கேள்வி இணைப்பு முறை. டைனமிக்காக இணைத்து, நூலகத்தைத் தனிக் கோப்பாக வைத்திருந்தால் வேலை சுலபம்: நூலகத்தின் மூலநிரல், உரிம உரை, அறிவிப்பு. ஸ்டாட்டிக்காக, அதாவது உங்கள் நிரலுக்குள்ளேயே, இணைத்திருந்தால், வாங்கியவர் மாற்றிய நூலகத்தோடு உங்கள் நிரலை மறுபடி இணைக்கும் வகையில் உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கொடுக்க வேண்டும். சி நூலகமான ஜிலிப்சியை ஸ்டாட்டிக்காக இணைத்தவர்களுக்கும் இதே கணக்குதான். இன்னொரு இடத்தையும் பாருங்கள்: உங்கள் பயனர் ஒப்பந்தத்தில் "ரிவர்ஸ் எஞ்சினியரிங் கூடாது" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அது எல்ஜிபிஎல் 2.1-இன் ஆறாம் பிரிவோடு மோதும். நூலகத்தை மாற்றிப் பிழை தேடுவதற்காக அதைச் செய்ய அனுமதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வாசகத்தில் விலக்கு ஒன்றைச் சேருங்கள்.

அறிகுறி: வாங்கியவர் கட்டிய ஃபர்ம்வேரைப் பெட்டி ஏற்கவில்லை, கையொப்பம் தவறு என்கிறது

கம்பெனி கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் போட்ட கருவிகளில் வரும். உள்ளே பதிப்பு 3 நிரல் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கட்டளை ஷெல்லான பாஷ் 4.0 முதலும், கோப்புப் பகிர்வு நிரலான சாம்பா 3.2 முதலும் பதிப்பு 3-க்கு மாறிவிட்டன. நாஸ் பெட்டி (வலையமைப்பில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) விற்பவர்கள் சாம்பாவில்தான் மாட்டுகிறார்கள். வீட்டு உபயோகக் கருவியில் பதிப்பு 3 நிரல் இருந்தால், மாற்றிய பிரதியை நிறுவி ஓட்டத் தேவையான தகவலையும், தேவைப்பட்டால் சாவியையும் கொடுக்க வேண்டும். உங்கள் கம்பெனியின் தலைமைச் சாவியை ஊருக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. பயனர் தன் சொந்தச் சாவியைப் பதிவுசெய்யும் வசதியோ, பூட்லோடரைத் திறக்கும் வழியோ போதும். மாற்றிய கருவிக்கு வாரண்டியும் புதுப்பிப்பும் மறுக்க உரிமம் இடம் தருகிறது, அந்தப் பயம் வேண்டாம்.

பதிப்பு 2 மட்டுமே இருந்தால் சாவி பற்றிய தெளிவான வாசகம் அதில் இல்லை. ஆனால் நிறுவும் ஸ்கிரிப்ட்களைக் கொடுக்க வேண்டும் என்பது இருக்கிறது. என் கருத்து: இரண்டுக்கும் ஒரே திறக்கும் வழியை வைத்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியவர் தன் பெட்டியைத் தானே பழுதுபார்க்க முடிய வேண்டும்.

அறிகுறி: சர்வரில் மட்டும் ஓடுகிறது, ஆனால் உரிமப் பட்டியலில் ஏஜிபிஎல் என்று வருகிறது

ஏஜிபிஎல் என்பது வலை வழியாகப் பயன்படும் நிரல்களுக்கும் கடமையை நீட்டும் ஜிபிஎல் வகை. ஏஜிபிஎல் நிரலை மாற்றாமல் உங்கள் சர்வரில் ஓட்டினால் அதன் 13-ஆம் பிரிவு உங்களைத் தொடாது. மாற்றி, வலை வழியாக மற்றவர்கள் அதோடு ஊடாடினால், அவர்களுக்கு மூலநிரலுக்கான லிங்க் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதே மென்பொருளை வாடிக்கையாளரின் சர்வரில் நிறுவிக் கொடுத்தால் அது விநியோகம். சாதாரண ஜிபிஎல் கடமைகளும் அங்கே தொடங்கிவிடும். விற்பனைப் பிரிவு இந்த மாற்றத்தைப் பொறியாளர்களிடம் சொல்வதே இல்லை. ஒப்பந்தத்தில் "ஆன்-பிரெமிஸ்" என்ற சொல் வந்தால் உடனே தகவல் வரும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது

பதிப்பு 2-இன் நான்காம் பிரிவின்படி, மீறினால் உரிமம் தானாகவே ரத்தாகிறது. பதிப்பு 3 கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: முதல் முறை நோட்டீஸ் வந்து 30 நாட்களுக்குள் சரிசெய்தால் உரிமம் நிரந்தரமாகத் திரும்பிவிடும். 2017 அக்டோபரில் லினக்ஸ் கெர்னல் டெவலப்பர்கள் பலர் கையெழுத்திட்டு, தங்கள் பங்குக்கு இதே அவகாசத்தைக் கெர்னலுக்கும் தருவதாக அறிவித்தார்கள். ஆகவே அந்த 30 நாட்கள் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. அவற்றை எதிர்வாதம் எழுதுவதில் கழிக்காதீர்கள், ஜிப்பைக் கட்டவைப்பதில் செலவிடுங்கள். வக்கீலைக் கூப்பிடுங்கள், கூடவே பில்ட் எடுப்பவரையும் அதே அறையில் உட்காரவையுங்கள்.

"இதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்குமா" என்று கேட்பவர்களுக்கு: 2004-இல் லினக்ஸ் கெர்னல் டெவலப்பர் ஹரால்ட் வெல்ட் தொடுத்த வழக்கில் சைட்காம் நிறுவனத்துக்கு எதிராக மியூனிக் நீதிமன்றம் தடை விதித்தது. 2007-இல் பிஸிபாக்ஸ் டெவலப்பர்கள் அமெரிக்காவில் மான்சூன் மல்டிமீடியாமீது வழக்குப் போட்டார்கள், சில வாரங்களில் சமரசம் ஆனது. 2021-இல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு கலிஃபோர்னியாவில் டிவி நிறுவனமான விசியோமீது தொடுத்த வழக்கு வேறு வகை. அங்கே கேட்பது நிரலை எழுதியவர் என்ற உரிமையில் இல்லை, டிவியை வாங்கியவர் என்ற உரிமையில்.

அறிகுறி: பழைய பதிப்புக்கு மூலநிரல் கேட்கிறார்கள், எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்

வாக்குறுதியின் 3 ஆண்டுகள் ஒவ்வொரு பெட்டியும் கைமாறும் நாளிலிருந்து ஓடும். 2025-இல் கடைசிப் பெட்டியை விற்றால் 2028 வரை அதற்கான மூலநிரல் கையில் இருக்க வேண்டும். பதிப்பு 3 இன்னும் நீளும்: அந்த மாடலுக்கு உதிரிபாகமோ வாடிக்கையாளர் சேவையோ தரும் காலம் முழுவதும்.

ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அதே நாளில் உறையவைப்பதுதான் வழி. கிட்டில் டேக் போடுவது மட்டும் போதாது, இணையத்திலிருந்து இறக்கிய தொகுப்புகள் நாளை அதே முகவரியில் இருக்காது. ஃபர்ம்வேர் கட்டும் கருவியான பில்ட்ரூட்டைப் பயன்படுத்தினால் "மேக் லீகல்-இன்ஃபோ" என்ற ஒரே கட்டளை மூலத் தொகுப்புகள், போட்ட பேட்ச்கள், உரிம உரைகள், எல்லாவற்றுக்குமான பட்டியல் ஆகியவற்றை ஓர் அடைவில் சேர்த்துத் தரும். பில்ட்ரூட்டின் சொந்த நிரலை அது சேமிக்காது, எச்சரிக்கை மட்டும் காட்டும். அதை நீங்களே சேர்க்க வேண்டும், கட்டும் ஸ்கிரிப்ட் என்பது அதுதான். அதே போன்ற கருவியான யோக்டோவில் "ஆர்க்கைவர்" கிளாஸை இயக்கினால் இதே வேலை நடக்கும். பிறகு அந்த அடைவை, டூல்செயினோடும் வெளியிட்ட ஃபர்ம்வேர் இமேஜோடும் சேர்த்து, பதிப்பு எண்ணைப் பெயராக வைத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். வெளியீட்டுப் பட்டியலில் இதற்கு ஒரு வரி ஒதுக்கி, அது முடிந்ததாகக் குறிக்காமல் ஃபர்ம்வேர் தொழிற்சாலைக்குப் போகக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.